90 கி.மீ. சைக்கிளுக்குப் பிறகு ஓடும்போது வாந்தி

எனர்ஜி ஜெல்லை (பந்தயத்தில் தெம்புக்காக எடுக்கும் கெட்டியான சர்க்கரைக் கூழ்) ஸ்போர்ட்ஸ் டிரிங்கோடு சேர்த்து விழுங்காதீர்கள். வெறும் தண்ணீரோடு எடுங்கள். சைக்கிளும் ஓட்டமும் அடுத்தடுத்து வரும் பந்தயத்தில் 90 கி.மீ. சைக்கிள் முடித்து, ஓட்டத்தில் நான்காவது கிலோமீட்டரில் வாந்தி என்கிறீர்கள். ஜெல்லையும் டிரிங்கையும் சேர்த்து எடுத்ததுதான் காரணம் என்பது என் முதல் சந்தேகம். இரண்டிலும் சர்க்கரை. வயிற்றில் அது கெட்டியாகச் சேர்ந்தால் குடலுக்குள் இறங்காமல் தேங்கும். ஓடும்போது குலுங்கி மேலே வரும். என் முதல் பந்தயத்திலும் இதேதான். இனிப்பு ஏப்பம் வந்துகொண்டே இருந்தது, ஹேண்டில்பார் முழுக்கப் பிசுபிசுப்பு, அடுத்த ஜெல்லைப் பார்த்தாலே குமட்டல்.

நீங்கள் கிருஷ்ணகிரி என்பதால் ஒரு ஞாயிறு விடியற்காலையில் தர்மபுரி போய்த் திரும்பிப் பாருங்கள், ஏறக்குறைய அதே தூரம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தைத் தாண்ட வேண்டாம். கடைசி அரை மணி நேரம் தண்ணீர் மட்டும். இறங்கியதும் 5 கி.மீ. ஓடுங்கள். அப்புறம், அன்று காலையில் களி வேண்டாம். நம் ஊர்ச் சாப்பாடுதான், ஆனால் அவ்வளவு நார்ச்சத்து அன்றைக்கு ஆகாது. இட்லி போதும்.

வாந்தியோடு தலைவலி, மனக்குழப்பம், விரல் வீக்கம் இருந்தால் மட்டும் இது வேறு விஷயம், ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) குறைந்திருக்கலாம். மேலும் மேலும் தண்ணீர் குடிக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.