தட்டைப் பார்த்து அழுத பையன்

ஸ்பீல்பெர்க்கின் ‘குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட்’ (1977) படத்தை மகளோடு மறுபடி பார்த்தேன் என்றதும் நம் சேலத்து நண்பர்கள் கேள்விகளை அனுப்பிவிட்டார்கள். என் பதில்கள் இதோ.

சின்ன வயதில் பார்த்ததற்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் அண்ணா? (அஸ்தம்பட்டி)

ராய் மின்கம்பி பழுது பார்ப்பவன். ஒரு ராத்திரி வானத்தில் விசித்திர விளக்குகளைப் பார்க்கிறான். அப்புறம் ஏதோ ஒரு மலையின் உருவம் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. கடைசியில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு வேற்றுக்கிரகத்தாரின் விண்கலத்தில் ஏறிப் போய்விடுகிறான். காலேஜ் நாளில் அதற்குக் கை தட்டியவன் நான்.

இப்போது சாப்பாட்டு மேஜையைத் தாண்ட முடியவில்லை. மசித்த உருளைக்கிழங்கைத் தட்டில் குவித்து அப்பா மலை செய்கிறார். எதிரே பெரிய பையன் சத்தமில்லாமல் அழுகிறான். அன்று நான் பார்த்தது உருளைக்கிழங்கை மட்டும்தான். என் மகள் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு, “அவங்கப்பாவுக்கு என்னாச்சுப்பா?” என்றாள். படத்தை நிறுத்தினேன். பதில் வரவில்லை.

சித்தார்த்தனும் ராகுலனை விட்டுத்தானே போனார்? (ஓமலூர்)

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கதையில் அவர் திரும்பி வந்து மகனைப் பார்க்கிறார். இங்கே மனைவி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் படம் அவர்களை மறந்துவிடுகிறது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, இன்று எடுத்தால் ராயைப் போகவிட மாட்டேன் என்று ஸ்பீல்பெர்க்கே சொன்னார்.

குழந்தைகளோடு பார்க்கலாமா? (அம்மாபேட்டை)

ஏழெட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். ஜில்லியன் என்ற தாயின் சின்னப் பையனை வேற்றுக்கிரகத்தார் இழுத்துப் போகும் காட்சி பெரியவர்களையே உலுக்கும். தரையில் பதித்த காற்றுத் துளை மூடியின் திருகாணிகள் தானாகவே கழன்று வரும். ராய் ஏறும் அதே மலையில் அவளும் ஏறுகிறாள், பிள்ளையைத் தேடி. இந்த முறை நான் அவள் பின்னாலேயே போனேன்.

பேருக்கு என்ன அர்த்தம்? (சூரமங்கலம்)

வானியலாளர் ஹைனெக் வகுத்த வரிசை. பறக்கும் பொருளை அருகில் காண்பது முதல் வகை, அது தடயம் விட்டுப்போனால் இரண்டாவது, உள்ளே இருப்பவர்களையே பார்த்தால் மூன்றாவது. அதுதான் படத்தின் பேர்.

ராயிடம் உங்களுக்குப் பிடித்தது ஒன்றுமே இல்லையா? (ஏற்காடு)

இருக்கிறது. விளக்குகளைப் பார்த்த அன்றே வீட்டுக்கு ஓடி, தூங்கும் மனைவி பிள்ளைகளை எழுப்பி, காரில் அதே இடத்துக்குக் கூட்டிப்போகிறான். அவர்களும் பார்க்கவேண்டும் என்ற தவிப்பு. அங்கே ஒன்றும் வரவில்லை. படம் பார்த்த மறுவாரம் மகளை உங்கள் ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனைக்குக் கூட்டிவந்தேன். கீழே சேலத்து விளக்குகள். பனி மூடி மூடி விலகியது. குளிரில் என் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு, நம்ம வீடு எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.