பலாலியா, கட்டுநாயக்கவா: சென்னைக்கு எது கிட்ட?

கேள்வி: அம்மாவுக்குக் கண் காட்டச் சென்னை போக வேணும். இணையத்தில் பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து 355 கிலோமீற்றர், பறக்க அரை மணித்தியாலம் என்று கிடக்கிறது. கொழும்புக்குப் போகிறவர்கள் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து 650 கிலோமீற்றராம். ஆனால் ரிக்கெட் முகவர், இரண்டிலும் பறக்கும் நேரம் ஒன்றுதான், கொழும்பால் போனால் காசு மிச்சம் என்கிறார். யாரை நம்புவது? அம்மாவுக்கு முழங்கால் வருத்தமும் இருக்கு.
- வாசகி, வட்டக்கச்சி

பதில்: தூரத்தில் இணையம் சொல்வது சரி, பறக்கும் நேரத்தில் முகவர் சொல்வது சரி. காசுக் கணக்கை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இணையம் காட்டும் 355 என்பது வரைபடத்தில் நேர்கோடு இழுத்து அளந்த தூரம். அதைப் பெரிய ஜெற் விமானத்தின் வேகத்தால் பிரித்துத்தான் அரை மணித்தியாலம் என்று போடுகிறார்கள். பலாலிக்கு வருவது ஏறத்தாழ 70 பேர் ஏறக்கூடிய ஏரிஆர் 72. விசிறி வைத்த விமானம். அது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து ரிக்கெட்டில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் போட்டிருப்பார்கள். கொழும்பிலிருந்து போகும் ஜெற், கூடின தூரத்தையும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஓடிவிடும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மணிக்கூடு ஒன்றுதான். ரிக்கெட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் பயணம் வட்டக்கச்சி வீட்டுப் படலையில் அல்லவா தொடங்குகிறது? பலாலி 90 கிலோமீற்றர் அளவில், இரண்டு மணித்தியாலம். கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வவுனியா, அனுராதபுரம், புத்தளம் தாண்டி வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முந்தி அங்கே நிற்கவும் வேணும். விடியப்புற விமானம் என்றால் முதல் நாளே வெளிக்கிட்டு, நீர்கொழும்பில் ஒரு அறை எடுக்க வேண்டிவரும். வான்காரர் வெறும் வானோடு திரும்பி வரும் ஓட்டத்துக்கும் காசு கேட்பார். நீங்கள் திரும்பி வரும் நாளில் உங்களைக் கூட்டிவரப் போகும்போதும் அதே கதை. ரிக்கெட் விலையோடு இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபிறகு எது மலிவு என்று சொல்லுங்கள். முழங்கால் வருத்தக்காரரை அவ்வளவு நேரம் வான் வண்டியில் மடக்கி இருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பலாலி விமானத்தில் பின்கதவால் சில படிகள்தான் ஏற வேணும். அதுவும் கஷ்டமென்றால் சக்கர நாற்காலி தேவை என்று ரிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

பலாலியில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சின்ன விமானம் என்பதால் கைப்பையையும் பொதியையும் இறுக்கிப் பார்ப்பார்கள். எத்தனை கிலோ என்பதை ரிக்கெட்டிலேயே வாசியுங்கள். முகவரிடம் விலை கேட்கும்போது இரண்டு பாதைக்கும் ஒரே அளவு பொதியோடு கேளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. கொழும்பைப் போல அடுத்தடுத்து விமானம் இல்லை. ஒன்று நின்றால் மறுநாள்வரை காத்திருக்க நேரலாம். ஆகவே வைத்தியரைப் பார்க்கும் திகதியைச் சென்னையில் இறங்கும் நாளிலேயே வைக்காமல், ஒரு நாளாவது தள்ளி வையுங்கள். திகதி மாற்ற என்ன கட்டணம், விமானம் நின்றால் காசு எப்படித் திரும்பும் என்பதையும் பணம் கட்ட முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.