தலையணை உறையில் எறும்பு

கேள்வி: எனக்கு 46 வயது. ஒன்றரை வருடமாக யோகா வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் சாத்விக உணவுதான். வெங்காயம், பூண்டு நிறுத்தியாகிவிட்டது. சமைத்து ஒரு யாமம் (மூன்று மணி நேரம்) கடந்த உணவைத் தொடுவதில்லை, சூடு பண்ணுவதும் இல்லை. சாயங்காலம் ஆறரைக்குச் சமையலறையை மூடிவிடுவேன். கணவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறார். மாமியாருக்கு 77 வயது. ஆறு மணிக்குக் கூப்பிட்டால் 'காபி குடிச்சதே அப்படியே இருக்கு' என்பார். அப்புறம் கேட்டால் 'பசிக்கலைம்மா' என்று சொல்லி, எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். ஆனால் நாக்கு அடங்கவில்லை. போன வாரம் அவருடைய தலையணை உறையைத் துவைக்க எடுத்தால் ஒரே எறும்பு, உள்ளே பிஸ்கட் தூள்! விடியற்காலை தியானத்தில் உட்கார்ந்தால் எனக்கு மனம் நிற்பதில்லை, எரிச்சல் வருகிறது. ஒரே வீட்டில் தாமச உணவு, அதாவது மனத்தை மந்தமாக்கும் உணவு, புழங்குவதுதான் காரணமா? இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தியானம் அப்புறம். முதலில் அந்தத் தலையணை உறை.

77 வயதான ஒருவர், வீட்டில் விளக்கணைத்த பிறகு, சத்தம் வராமல் கவரைப் பிரித்து இருட்டில் பிஸ்கட் தின்றிருக்கிறார். மிச்சத்தைத் தலையணை உறைக்குள் செருகி வைத்திருக்கிறார். மகன் வீட்டில், மருமகள் பக்கத்து அறையில் இருக்கும்போதே. இதை 'நாக்கு அடங்கவில்லை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. சகோதரி, அது பசி. ஒரு பெரிய மனுஷி தன் பசியை ஒளித்து வைக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்.

'பசிக்கலைம்மா' என்ற இந்தச் சொல்லை எனக்கு வரும் கடிதங்களில் எத்தனையோ முறை வாசித்துவிட்டேன். மருமகள்களும் எழுதுகிறார்கள், மகள்களும் எழுதுகிறார்கள். அந்தச் சொல் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அடுப்பு மேடையைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. அந்தத் துணியைக் கையில் பிடித்தபடியே நிலைப்படியில் நின்று, 'ஏதாவது சாப்பிடுறீங்களா அத்தை?' என்று கேட்கிறோம். 'ஆமாம், ரெண்டு தோசை ஊத்து' என்று எந்த மாமியார் சொல்வார்? என் பாட்டியும் கடைசி வருடங்களில் எதைக் கேட்டாலும் 'வேண்டாம்' என்றுதான் சொன்னார். தட்டில் போட்டு முன்னால் வைத்தால் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். வயதானவர்களிடம் கேட்கக் கூடாது. போட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத விஷயம். சர்க்கரைக்கான சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே போய்விடலாம். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். எல்லா மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை, அதனால்தான் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்கிறேன். நாளைக்கே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், 'ராத்திரி சாப்பிடாமல் இதைப் போட்டுக்கொண்டு படுக்கிறார்' என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ராத்திரி நடுக்கம் கண்டு, என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல், கைக்கு அகப்பட்ட பிஸ்கட்டை அவர் வாயில் போட்டிருந்தால்? அந்தப் பிஸ்கட்டுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் சாத்விகத்துக்கு வருகிறேன். உணவைப் பற்றி யோக நூல்கள் சொல்வதில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. அதனால்தான் கோபம் வருகிறது.

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையில், முதல் அத்தியாயத்திலேயே யோகத்தைக் கெடுக்கும் ஆறு விஷயங்கள் வருகின்றன. அதிகமாக உண்பது, அளவுக்கு மீறி உழைப்பது, வீண் பேச்சு, நியமாக்ரகம், ஜன சகவாசம், மனத்தின் அலைபாய்ச்சல். நான்காவதைத் திரும்ப வாசியுங்கள். நியமாக்ரகம் என்றால் விதியை விடாப்பிடியாகப் பிடித்துத் தொங்குவது. காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பது, பழம் மட்டுமே உண்பது போன்ற பிடிவாதங்களை உரைகாரர் பிரம்மானந்தர் இதற்கு உதாரணமாகச் சொல்கிறார். அதே அத்தியாயத்தில் கோரக்கர் வாக்காக, பயிற்சிக் காலத்தில் உபவாசம் போன்று உடம்பை வருத்தும் காரியங்கள் வேண்டாம் என்று தடை இருக்கிறது. இன்னொரு ஹடயோக நூலான கேரண்ட சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு வேளை மட்டும் உண்பதையும் உண்ணாமலே இருப்பதையும் வேண்டாம் என்கிறது. யோகிக்கே பட்டினி கூடாது என்று சொன்ன மரபு இது. யோகமே செய்யாத 77 வயதுக்காரரைப் பட்டினி போடும் அனுமதி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?

பூண்டை விலக்கியதாகச் சொல்கிறீர்கள். நல்லது. பிரதீபிகையில் பூண்டை விலக்கும் அதே சுலோகம் பெருங்காயம், கடுகு, எள், தயிர், மோர், கொள்ளு எல்லாவற்றையும் விலக்குகிறது. நீங்கள் கடுகு தாளிக்கிறீர்கள், மோரும் ஊற்றிக்கொள்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அதில் தப்பில்லை. தனிக் குடிலில் உட்கார்ந்து நாள் முழுக்க மூச்சை அடக்கிப் பழகும் ஒரு சாதகனுக்காக எழுதிய பட்டியல் அது. நாலு பேர் உள்ள குடும்பத்தின் சமையலறைக்கு எழுதியது இல்லை. கால் வயிற்றைக் காலியாக விடு என்கிறதே, அந்தக் கால் பங்கை உண்பவர் மட்டுமே அளக்க முடியும். உங்கள் வயிற்றுக்கு நீங்கள் அளங்கள். அத்தையின் வயிற்றை அத்தை அளக்கட்டும்.

யாமக் கணக்கு கீதையின் 17ஆம் அத்தியாயத்திலிருந்து வருகிறது. சமைத்து ஒரு யாமம் கடந்தது தாமசம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஐந்து மணிக்குச் சமைத்தது எட்டு மணிக்கு ஆகாது. அப்படியானால் ஏழரைக்கு அடுப்பைத் திரும்பப் பற்ற வைக்க வேண்டும். ரெண்டு இட்லி வேகப் பத்து நிமிடம். பழையது ஆகாது என்ற விதி புதிதாகச் சமைக்கச் சொல்கிறது, நீங்கள் அதைச் சமைக்காமல் இருக்கப் பயன்படுத்திவிட்டீர்கள். அந்த அத்தியாயத்திலேயே சாத்விக உணவுக்கு என்ன அடையாளம் சொல்லியிருக்கிறது? ஆயுள், பலம், ஆரோக்கியம், சுகம், பிரியம் இவற்றை வளர்ப்பது, சாறும் நெய்ப்பசையும் உள்ளது, உடம்பில் நிலைத்து நிற்பது, மனத்துக்கு இனியது. வெங்காயம் என்ற பேச்சே அங்கே இல்லை. இருட்டில் பயந்து பயந்து மெல்லும் உணவு மனத்துக்கு இனியதாக இருக்குமா?

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்று சாந்தோக்ய உபநிஷதத்தில் ஒரு கதை இருக்கிறது. உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம், '15 நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி' என்கிறார். பதினாறாவது நாள் வேதத்தைச் சொல்லச் சொன்னால் அவனுக்கு ஒன்றுமே நினைவு வரவில்லை. பெரிய நெருப்பு அணைந்து மின்மினி அளவு தணல் மட்டும் மிஞ்சினால் அது எதை எரிக்கும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்கிறார் அப்பா. சாப்பிட்டு வந்ததும் கேட்டதெல்லாம் சொல்கிறான். மனம் அன்னத்தால் ஆனது என்று மகனுக்குப் புரியவைக்க அவர் செய்த பாடம் இது. உங்கள் அத்தை சமீபமாக எதையாவது மறக்கிறாரா, பேச்சு குறைந்திருக்கிறதா? வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

தைத்திரீய உபநிஷதத்தில் அன்னத்தைப் பற்றி அடுத்தடுத்து நான்கு விரதங்கள் வருகின்றன. அன்னத்தை இகழாதே. அன்னத்தை ஒதுக்காதே. அன்னத்தை நிறைய உண்டாக்கு. தங்க வந்த யாரையும் திருப்பி அனுப்பாதே. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் 'அது விரதம்' என்றே வருகிறது. விரதம் என்றதும் எதை விடலாம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. இங்கே விரதமே ஆக்கிப் போடுவதுதான்.

உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். ஐயா, நீங்கள் வெளியே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது உங்கள் அம்மா வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார். 'சாப்பிட்டியாம்மா?' என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? மனைவியோடு வாக்குவாதம் வேண்டாம் என்று ஒதுங்கிப்போனது உங்களுக்குச் சௌகரியம். அதன் செலவு முழுவதும் அம்மா தலையில் விழுந்திருக்கிறது. ஒன்றரை வருடத்தில் ஒரு ராத்திரி நீங்களே நாலு தோசை ஊற்றியிருக்கலாம். இந்த வீட்டில் மருமகளுக்கு முன்னால் மகனுடைய கடமை அது.

சரி, தியானத்தில் மனம் ஏன் நிற்கவில்லை என்று கேட்டீர்கள். பூண்டு வாசனை காரணம் இல்லை. பக்கத்து அறையில் ஒருவரைப் பசியோடு தூங்கவைத்துவிட்டு விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் எப்படி நிற்கும்? உங்கள் மனம் அங்கேதான் போய்ப் போய் வருகிறது. அது நல்ல மனம், அதனால்தான் உட்கார மறுக்கிறது. யமம், நியமம் என்று எட்டுப் படிகளில் பதஞ்சலி முதலில் வைத்தது அகிம்சை. உணவுப் பட்டியல் எதுவும் அவர் யோக சூத்திரத்தில் தரவில்லை.

நீங்கள் ஆறரைக்குச் சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். வெங்காயம் வேண்டாம் என்றால் உங்கள் தட்டில் வேண்டாம். ஆனால் இன்று ராத்திரி ஏழரைக்கு அடுப்பைப் பற்றவைத்து, அத்தைக்குப் பிடித்ததைச் செய்து, 'சாப்பிடுறீங்களா' என்று கேட்காமல் தட்டை முன்னால் வையுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்காருங்கள். பிஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், கண்டுபிடித்தது தெரிந்தால் கூனிக் குறுகிப்போவார். துவைத்த உறையைத் தலையணைக்குப் போடுங்கள். ராத்திரி பசித்தால் எதைச் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அதை இறுக்கமான மூடி போட்ட ஒரு டப்பாவில், விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள்.