விக்டோரியா காலத்து அலங்கார ஜாடிகள்: கைவேலையா, ஆலைச் சரக்கா?

'எல்லாம் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்தவைதானே, கைவேலை என்று ஏன் கொண்டாடுகிறார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஜாடியில் இரண்டும் இருக்கும் என்பதுதான் என் பதில்.

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் லாம்பெத் என்றொரு பகுதி. அங்கிருந்த டோல்டன் கம்பெனிக்குச் சோறு போட்டது பூஜாடி இல்லை, சாக்கடைக் குழாய். ஹென்றி டோல்டன் 1846-இல் குழாய்களுக்கென்றே தனி ஆலை தொடங்கினார். நகரங்களில் பாதாளச் சாக்கடை போடப் போட வியாபாரம் பெருகியது. பக்கத்திலிருந்த லாம்பெத் ஓவியப் பள்ளியின் தலைவர் ஜான் ஸ்பார்க்ஸ், தன் மாணவர்களுக்கு டோல்டன் கம்பெனியில் இடம் கொடுக்கச் சொல்லி ஹென்றியை விடாமல் வற்புறுத்தினார். அப்படி 1871 வாக்கில் வந்தவர்தான் ஹன்னா பார்லோ. பின்னால் கம்பெனியின் கலைக்கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். சக்கரத்தில் ஜாடியை வனைவது ஒருவர். மண் ஈரமாக இருக்கும்போதே ஹன்னா கூர்முனையால் நேரடியாகக் கீறி ஆடு, குதிரை, மான் என்று வரைவார், அப்புறம் அந்தக் கோடுகளுக்குள் நிறத்தைத் தேய்த்து ஏற்றுவார்கள். ஓரத்தில் வரிசையாக ஓடும் முத்துகளும் பூக்களும் அச்சில் எடுத்து உதவியாளர்கள் ஒட்டியவை. கடைசியில் சூளை. நன்றாகச் சூடேறியதும் சாதாரண உப்பை உள்ளே அள்ளிப் போடுவார்கள். அது ஆவியாகி, சோடியம் களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடிக் குழிகளோடு கண்ணாடிப் படலமாகப் படியும். சாக்கடைக் குழாய்க்கும் இதே உப்பு மெருகுதான்!

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஹன்னாவின் ஜாடி ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீறலின் இரு பக்கமும் மண் லேசாகப் பிதுங்கி, அப்படியே வெந்து இறுகியிருந்தது. ஈர மண்ணில் போட்ட கோட்டை அழித்துத் திருத்துவது கஷ்டம், ஆனாலும் குதிரையின் முதுகு ஒரே இழுப்பில் வந்திருந்தது. அதை ஆலைச் சரக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. முத்து வரிசையை மட்டம் என்று சொல்லவும் மாட்டேன், அந்த ஒழுங்கு பக்கத்தில் இருப்பதால்தான் குதிரை அவ்வளவு உயிரோடு தெரிகிறது.

இப்படி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கம்பெனி முத்திரை இருக்கும், பல ஜாடிகளில் ஆண்டும் இருக்கும். பக்கத்திலேயே வரைந்தவரின் முதலெழுத்துகள் கையால் கீறப்பட்டிருக்கும், பல சமயம் முத்து ஒட்டிய உதவியாளருடையதும் சேர்த்து.