இந்தியாவைப் படிக்க எந்தப் புத்தகம்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இந்தியாவின் வரலாறு, மக்கள், அடையாளம் பற்றிய புத்தகங்கள் குறித்து எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பேராசிரியர் இல்லை, பல வருடமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறவன், அவ்வளவுதான்.

கேள்வி: ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

ராமச்சந்திர குஹாவின் 'இந்தியா ஆஃப்டர் காந்தி' (2007). தமிழிலும் இரண்டு பாகமாக வந்திருக்கிறது. 1947-க்கு முந்தைய கதைக்கு இது உதவாது. ஆனாலும் இதைச் சொல்லக் காரணம், இந்த நாடு தேறாது என்று ஆரூடம் சொன்னவர்களையெல்லாம் ஆரம்பத்திலேயே வரிசையாக நிறுத்திவிடுகிறார். ஜான் ஸ்ட்ராச்சி என்ற ஆங்கிலேய அதிகாரி 1880-களில் கேம்பிரிட்ஜில், இந்தியா என்று ஒரு நாடு இப்போதும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று பாடமே எடுத்தாராம். அப்புறம் மொழிவாரி மாநில அத்தியாயம். தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 இரவு இறக்கிறார், நான்கே நாளில் ஆந்திர மாநிலம் வரும் என்று நேரு அறிவிக்க வேண்டியதாகிறது. மயிலாப்பூரில் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் அவர் நினைவில்லம் இருக்கிறது. அதை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்துபோயிருக்கிறேன், யார் என்று தெரிந்தது இந்த அத்தியாயத்தைப் படித்த பிறகுதான்.

கேள்வி (கல்லூரி மாணவி): நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' பழசாகிவிட்டதா அண்ணா?

தகவல் பழசும்மா, எழுத்து பழசாகவில்லை. அகமதுநகர் கோட்டைச் சிறையில் 1944 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஐந்தே மாதத்தில் எழுதியது. எழுத்தின் மேல் எழுத்தாக எழுதிக்கொண்டே போன பழஞ்சுவடி போல, மேலே எத்தனை அடுக்கு வந்தாலும் கீழே இருப்பது முழுசாக மறையாது என்று இந்தியாவைப் பற்றி ஓர் உவமை சொல்வார். பழைய வீட்டில் வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். என் குறை வேறு. அவர் ஒற்றுமையைத் தேடிக்கொண்டு கிளம்புகிறார், அதனாலேயே அது அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

அதனால் கையோடு அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' (1936) படித்துவிடு. லாகூரில் ஒரு சாதி ஒழிப்புச் சங்கம் நடத்தவிருந்த மாநாட்டுக்குத் தயாரித்த தலைமையுரை அது. அதை முன்கூட்டியே படித்துப் பார்த்த அமைப்பாளர்கள் மிரண்டுபோய்ச் சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று இவர் எழுதிவிட்டார், மாநாடே நடக்கவில்லை. தானே 1,500 பிரதி அச்சிட்டார். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிற ஆளையே பிரிப்பது என்ற வாதம் அதில்தான் வருகிறது. நேருவை மூடிவைத்த கையோடு படித்தால்தான் அது எவ்வளவு பெரிய அடி என்று தெரியும்.

கேள்வி: ஆரியர், திராவிடர் சண்டைக்கு முடிவுகட்டும் புத்தகம் உண்டா?

சண்டை முடியாது. ஆனால் விஷயம் தெரிந்து சண்டை போடலாம். டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' (ஆங்கிலத்தில் 2018). ஏறக்குறைய 65,000 வருடத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்தவர்கள்தான் அடித்தளம், மேலே ஹரப்பா மக்கள், அதற்கும் மேலே பிற்பாடு வந்தவர்கள் என்று பீட்சாவை வைத்து விளக்குகிறார். நம்மூர்க்காரர் எழுதியிருந்தால் ஊத்தப்பம் வந்திருக்கும். ஹரியானாவில் ராக்கிகரி என்ற ஹரப்பா காலத்து ஊரில் கிடைத்த பெண்ணின் எலும்பு மரபணு ஆய்வு 2019-இல்தான் வெளியானது. அந்தப் பெண்ணிடம், ஆரிய மொழியைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபுக்கூறு இல்லை என்று சொன்னது, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: எல்லாரும் ஒரு சார்பாக எழுதுகிறார்கள். நடுநிலையான புத்தகம் சொல்லவும்.

இல்லை சார். எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரிந்துகொண்டு படிப்பதுதான் வழி. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, கடையில் நின்றபடியே கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சொல்லடைவை (இண்டெக்ஸ்) பார்ப்பேன். நாகாலாந்து இருக்கிறதா, சந்தால் பழங்குடி இருக்கிறதா, சோழர் எத்தனை பக்கம், முகலாயர் எத்தனை பக்கம். ஆசிரியரின் இந்தியா எவ்வளவு பெரியது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏ.எல்.பாஷமின் புகழ்பெற்ற புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 'வியத்தகு இந்தியா' என்று தமிழில் அதைக் கொண்டுவந்தது இலங்கை அரசு. அருமையான புத்தகம்தான், ஆனால் முஸ்லிம்கள் வருகையோடு நின்றுவிடும். வியப்பு அங்கேயே முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: வடகிழக்கு பற்றி?

சஞ்சய் ஹசாரிகாவின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆஃப் தி மிஸ்ட்' (1994) அரசியலுக்கு. ஆனால் எனக்குக் கண்ணைத் திறந்தது தெம்சுலா ஆவோவின் சிறுகதைகள், 'தீஸ் ஹில்ஸ் கால்டு ஹோம்' (2006). ராணுவத்துக்கும் தலைமறைவுப் படைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாகா ஊர்க்காரர்களின் பாடு. சின்னப் புத்தகம்.

கேள்வி: பிரிவினை?

ஊர்வசி புட்டாலியா, 'தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்' (1998). குடும்பத்தில் மற்றவர்கள் இந்தியா வந்துவிட, அவருடைய தாய்மாமா தன் அம்மாவோடு லாகூரிலேயே தங்கி மதம் மாறிவிடுகிறார். பல வருடம் கழித்து புட்டாலியாவே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மீதியை நீங்களே படியுங்கள்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு என்ன வாங்கலாம்?

வாங்காதீர்கள் அக்கா, முதலில் 'பாரத் ஏக் கோஜ்' போட்டுக் காட்டுங்கள். நேரு புத்தகத்தை வைத்து ஷியாம் பெனகல் தூர்தர்ஷனுக்கு எடுத்த தொடர், 1988-இல் வந்தது, 53 பகுதி. வரிசையாகப் பார்க்கச் சொன்னால் பையன் எழுந்து ஓடிவிடுவான். நேராகச் சிலப்பதிகாரம் வரும் பகுதிக்குப் போய்விடுங்கள். கண்ணகி இந்தியில் நீதி கேட்பதைப் பார்த்து முதலில் சிரிப்பான். சிரிக்கட்டும், நிறுத்தாதீர்கள்.