வாசகர் கேள்வி–பதில்: சூத்திரத்தின் சிறிய எண்ணை ஏன் மாற்றக்கூடாது?

கேள்வி: ஐயா, ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் உண்டாகும் சமன்பாட்டைச் சமப்படுத்தும்போது, இடப்பக்கம் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் இருந்ததால் நீரின் சூத்திரத்தில் ஒட்சிசனுக்குக் கீழேயும் 2 என்று எழுதினேன். இருபக்கமும் அணுக்கள் சமமாக வந்தும் எனக்குப் புள்ளி கிடைக்கவில்லை. ஏன்?
– தரம் 11 மாணவி, கிளிநொச்சி

பதில்: உங்கள் எண்ணிக்கையில் பிழை இல்லை, மகள். 2 கிராம் ஐதரசனும் 32 கிராம் ஒட்சிசனும் சேர்ந்து 34 கிராம் விளைவைத் தரும் என்பதால், திணிவுக் காப்பு விதிகூட நீங்கள் எழுதிய சமன்பாட்டில் மீறப்படவில்லை. ஆயினும் நீங்கள் எழுதிய விளைவு நீர் அன்று, ஐதரசன் பேரொட்சைட்டு. ஐதாக்கிய நிலையில் காயத்தின்மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதே, அந்தத் திரவம்தான் அது. அதைக் கிணற்று நீரைப்போல அள்ளிக் குடிக்க முடியுமா?

குறியீட்டுக்குக் கீழே உள்ள சிறிய எண், அந்தப் பொருளின் ஒரு மூலக்கூறில் எத்தனை அணுக்கள் பிணைந்துள்ளன என்று சொல்கிறது. ஓர் அணு மற்ற அணுக்களுடன் எத்தனை பிணைப்புகளை உண்டாக்கும் என்பதே வலுவளவு. ஒட்சிசனின் வலுவளவு 2, ஐதரசனின் வலுவளவு 1. ஆகவே ஓர் ஒட்சிசன் அணு இரண்டு ஐதரசன் அணுக்களுடன் பிணைந்து நீராகிறது. நமது வசதிக்காக அந்த எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும். சூத்திரத்துக்கு முன்னால் இடும் எண்ணோ, அப்பொருளின் மூலக்கூறுகள் எத்தனை பங்குபற்றுகின்றன என்பதை மட்டுமே காட்டுவதால், சமப்படுத்தும்போது மாற்றுவதற்கு நமக்கு உரிமையுள்ள எண் அது ஒன்றே. இரண்டு ஐதரசன் மூலக்கூறுகளும் ஓர் ஒட்சிசன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தருகின்றன. அதாவது 4 கிராமும் 32 கிராமும் சேர்ந்து 36 கிராம்.

இந்தச் சிறிய எண்ணில் பெரியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். அணுக்கொள்கையைத் தந்த ஜோன் டால்டன், நீரில் ஐதரசனும் ஒட்சிசனும் ஒன்றுக்கு ஒன்றாகவே உள்ளன என்று எடுத்துக்கொண்டார். இரண்டு கனவளவு ஐதரசன் ஒரு கனவளவு ஒட்சிசனுடன் சேர்கிறது என்ற அளவீட்டை வைத்து, 1811இல் இத்தாலிய அறிஞர் அவகாதரோ சரியான வழியைக் காட்டினார். அதை உலகம் ஏற்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. நீங்கள் பாடமாக்கும் ஒவ்வொரு சூத்திரத்துக்குப் பின்னாலும் நிறுத்தும் அளந்தும் கண்ட உண்மை இருக்கிறது என்பதால்தான், அதில் கை வைக்கக்கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: காலபோக நெல்லுக்கு வாங்கும் யூரியா மூடையில் 46 என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் இரசாயனப் பாடத்தில் இதற்கு விளக்கம் உண்டா?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: உண்டு, அதுவும் அந்தச் சிறிய எண்களிலேயே உண்டு. யூரியா மூலக்கூறு ஒன்றில் ஒரு காபன், ஓர் ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன் அணுக்கள் உள்ளன. அவற்றின் சாரணுத்திணிவுகளான (ஒன்றோடொன்று ஒப்பிட்ட அணுத் திணிவுகளான) 12, 16, 14, 1 என்பவற்றைக் கொண்டு கூட்டினால் 12, 16, 28, 4 ஆக மொத்தம் 60. அதில் நைதரசனின் பங்கு 28, அதாவது நூற்றுக்கு 46.7. விற்பனைக்கு வரும் யூரியாவில் சிறிதளவு ஈரமும் வேறு சேர்வையும் கலந்திருப்பதால் 46 என்று அச்சிடுகிறார்கள். எனவே 50 கிலோ மூடையில் பயிருக்கு உரிய நைதரசன் 23 கிலோ. அமோனியம் சல்பேற்றில் நைதரசன் நூற்றுக்கு 21 அளவே என்பதால், அதே 23 கிலோவைப் பெற ஏறக்குறைய 110 கிலோ பசளை வேண்டும். விலையை ஒப்பிடும்போது மூடையின் நிறையைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சேர்வை ஒன்றின் மூலகங்கள் எப்போதும் ஒரே திணிவு விகிதத்தில் இருக்கும் என்பது மாறா விகித விதி. 1828இல் ஜேர்மனிய இரசாயன அறிஞர் வோலர் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிய யூரியாவும், மாட்டின் சிறுநீரில் உள்ள யூரியாவும், உங்கள் மூடையில் இருப்பதும் அமைப்பில் ஒன்றே.

கேள்வி: எங்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ன?
– இல்லத்தரசி, மல்லாவி

பதில்: பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வன்னீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, வெப்பத்தால் கல்சியம் காபனேற்று, நீர், காபனீரொட்சைட்டு எனப் பிரிகிறது. இச்சமன்பாட்டில் எதற்கு முன்னாலும் எண் இட வேண்டியதில்லை. வினாகிரியைச் சற்று நேரம் ஊற்றிவைத்தால் குமிழிகள் எழுந்து படிவு கரையும். பிறகு நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.