பட்டை எண்ணெய் சோப்பு: சாஃப்ட்வேர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கேள்வி: வீட்டிலேயே சோப்பு போட்டு விற்கிறேன். அடுத்து பட்டை எண்ணெய் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். விலங்குகளிடம் சோதிக்காமலே, தோலுக்கு ஆகுமா ஆகாதா என்று சாஃப்ட்வேர் சொல்லிவிடுமாமே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிக்க 2014-லேயே தடை வந்துவிட்டது, அதனால் அந்த வழி எப்படியும் கிடையாது.

ஓஇசிடி (பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) தரும் கியூசார் டூல்பாக்ஸ் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, மூலக்கூறின் அமைப்பைப் பார்த்து அதன் குணத்தைக் கணிக்கும். இலவசம், விண்டோஸில் ஓடும். ஆனால் எண்ணெயை அப்படியே கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது, மூலக்கூறு மூலக்கூறாகத்தான் கேட்கும். பட்டை எண்ணெயில் பெரும்பங்கு சின்னமால்டிஹைடு, அந்த வாசனையே அதுதான். அதன் கேஸ் (CAS) எண், அதாவது வேதிப்பொருளின் அடையாள எண், 104-55-2 என்று தட்டுங்கள், மூலக்கூறின் படம் வரும், அப்புறம் புரதத்தோடு ஒட்டுமா என்று பார்க்கும் பகுதியை ஓட்டினால் எச்சரிக்கை விழும். காரணம், அந்த மூலக்கூறில் ஓர் ஆல்டிஹைடும் அதை ஒட்டியே ஓர் இரட்டைப் பிணைப்பும் இருக்கின்றன. தோலில் உள்ள புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அது போதும், பிடித்த புரதத்தை உடம்பு வேற்றாள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது, அரிப்பும் தடிப்பும் அப்படித்தான் வருகின்றன. இந்த வேதியியலைத்தான் விதிகளாக எழுதி உள்ளே வைத்திருக்கிறார்கள், மந்திரம் எதுவும் இல்லை. கூடவே, அதே சாயலில் உள்ள பொருட்களை முன்பு சோதித்த முடிவுகளையும் எடுத்துக் காட்டும். (அவற்றில் நிறைய சுண்டெலியும் கினிப்பன்றியும் கொடுத்தவை. விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.)

நீங்கள் வாங்குவது பட்டை மர இலையில் எடுத்த எண்ணெயா? அப்படியானால் கதை வேறு. அதில் யூஜினால்தான் அதிகம், கிராம்பில் இருக்கும் அதே சரக்கு. பார்க்கச் சாது, தோலுக்குள் போய் உருமாறிய பிறகுதான் வேலையைக் காட்டும். தோலில் நடக்கும் மாற்றத்தைக் கணிக்கும் சிமுலேட்டரும் டூல்பாக்ஸில் உண்டு, அதை ஓட்டாமல் 'அலர்ட் இல்லை' என்று மூடிவிட்டு வந்தால் ஏமாந்தீர்கள். அலர்ட் இல்லை என்றால் அதற்குத் தெரிந்த பட்டியலில் இல்லை என்று மட்டுமே பொருள். தோல் ஒவ்வாமையைக் கண்டறிய 2021-ல் வந்த ஓஇசிடி வழிகாட்டி 497-கூட சாஃப்ட்வேரைத் தனியே விடுவதில்லை, புரத வினைச் சோதனை, செல் சோதனை முடிவுகளோடு சேர்த்துத்தான் பார்க்கிறது.

இன்னொன்று, அளவு. பொருளின் குணத்தைத்தான் அது சொல்கிறது, உங்கள் சோப்பில் எத்தனை சொட்டு விட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சோப்பு தேய்த்துக் கழுவிவிடுவது, பூசிக்கொண்டு திரியும் கிரீம் அல்ல. வாசனைப் பொருட்களுக்கு இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) வைத்திருக்கும் வரம்புகளிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

சரி, இப்போது செய்ய வேண்டியது: எண்ணெய் விற்பவரிடம் அந்த லாட்டின் ஜிசி ரிப்போர்ட்டை (எண்ணெயில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வக அறிக்கை) கேளுங்கள். சின்னமால்டிஹைடு எத்தனை சதவீதம், யூஜினால் எத்தனை என்று அதில் இருக்கும், அதை வைத்து ஒரு கட்டி சோப்பில் எவ்வளவு சேருகிறது என்று கணக்குப் போட்டு இஃப்ரா வரம்போடு ஒப்பிடுங்கள். ரிப்போர்ட் எல்லாம் தர முடியாது என்றால், கடையை மாற்றுங்கள்.